போர் விமானத்துக்கும் வயசாகுமா? குவாந்தான் விபத்தும் பழைய ஜெட்களின் கதையும்

2025 ஆகஸ்ட் 21, இரவு 9 மணி தாண்டிய நேரம். குவாந்தானில் உள்ள சுல்தான் ஹாஜி அகமது ஷா விமான நிலைய ஓடுபாதையிலிருந்து மேலெழும்பிய எஃப்/ஏ-18டி ஹார்னெட் போர் விமானம் சில விநாடிகளில் தீப்பிழம்பாக மாறியது. உள்ளே இருந்த இரண்டு அதிகாரிகளும் எஜெக்‌ஷன் இருக்கையை இயக்கி வெளியேறி உயிர் தப்பினார்கள். வீடியோ வாட்ஸ்அப்பில் பரவியதும் பலரும் கேட்ட முதல் கேள்வி: "பழைய விமானமா?"

பழசுதான். மலேசியாவின் 8 ஹார்னெட்களும் 1997-இல் வந்தவை. ஆனால் 'பழசு' என்ற ஒரே சொல்லை வைத்து ஒரு விபத்தை விளக்கிவிட முடியாது. ஏன் என்று பார்ப்போம்.

அந்த வாரம் இந்தக் கேள்வி சூடாக இருந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. விபத்துக்கு ஐந்து நாள் முன்பு, ஜொகூர் மெர்சிங்கில் இராணுவச் சிறப்புப் படையின் நிகழ்ச்சியில் பேசிய மாமன்னர் சுல்தான் இப்ராஹிம், 30 வயதைத் தாண்டிய பிளாக் ஹாக் ஹெலிகாப்டர்களை எடுக்கும் யோசனையை வெளிப்படையாகவே கண்டித்திருந்தார். ஸ்கைஹாக் வாங்கிய பழைய தவற்றை மறுபடியும் செய்யாதீர்கள் என்றார். 'பறக்கும் சவப்பெட்டி' என்ற சொல்லையும் பயன்படுத்தினார்.

தைப்பிங்குக்கு இது தூரத்துச் செய்தி இல்லை

தைப்பிங்கிலிருந்து பிளஸ் நெடுஞ்சாலையில் வடக்கே ஒரு மணி நேரம் போனால் பட்டர்வொர்த். ஹார்னெட் படைப்பிரிவின் வீடு அதுதான். 2021 நவம்பர் 16 இரவு, அதே பட்டர்வொர்த் தளத்தில் ஒரு ஹாக் 108 விமானம் விழுந்தது. ஒரு விமானி உயிரிழந்தார், இன்னொருவர் காயமடைந்தார். அதற்கு முன்பு, 2017 ஜூன் 15-இல் குவாந்தானிலிருந்து புறப்பட்ட இன்னொரு ஹாக் 108, திரெங்கானு கெமாமான் பகுதியில் விழுந்து இரண்டு விமானிகளும் இறந்தார்கள். ஹாக் ரகம் 1990-களின் நடுவில் நம் ஆகாயப் படைக்கு வந்தது. மொத்தம் 28 வாங்கினோம்.

வயசுன்னா எந்த வயசு?

ஒரு காரின் வயதை எளிதாகச் சொல்லிவிடலாம். விமானத்தில் அப்படி முடியாது. தொழிற்சாலையை விட்டு வந்து எத்தனை வருடம் என்பது ஒரு கணக்கு. எத்தனை மணி நேரம் பறந்தது என்பது வேறு கணக்கு. ஹார்னெட்டின் உடல் முதலில் 6,000 பறப்பு மணி நேரத்துக்காக வடிவமைக்கப்பட்டது. அமெரிக்கக் கடற்படை பிறகு சோதித்து, பலப்படுத்தி, அந்த வரம்பை நீட்டித்துக்கொண்டது. அதனால் 1997 மாடல் என்று கேட்டதும் 'எக்ஸ்பயர்ட்' என்று முடிவு கட்டுவது அவசரம்.

மூன்றாவதாக, வடிவமைப்பின் வயது. இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. 2025 ஜூலை 21-இல் வங்காளதேச விமானப்படையின் எஃப்-7 விமானம் டாக்காவில் மைல்ஸ்டோன் பள்ளிக் கட்டடத்தின் மேல் விழுந்தது. 30-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பெரும்பாலும் பிள்ளைகள். அந்த ரகம் வங்காளதேசத்துக்கு வந்தது 2013 வாக்கில்தான். ஆனால் அது 1950-களின் சோவியத் மிக்-21 வடிவத்திலிருந்து சீனா வளர்த்தெடுத்த விமானம். மெஷின் இளசு, அதன் வடிவம் தாத்தா காலத்தது. ஒற்றை எஞ்சின், அதிவேகத் தரையிறக்கம்: தாத்தாவின் குணங்கள் பேரனிடமும் இருக்கும்.

உலோகம் களைத்துப்போவது

ஒரு கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்துக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? கடைசியில் 'டக்'கென்று உடையும். போர் விமானம் கூர்மையாகத் திரும்பும்போது, இறக்கைகள் தாங்கும் சுமை சாதாரண எடையைப் போல ஏழு மடங்குக்குப் போகலாம். ஒவ்வொரு திருப்பமும் ஒரு வளைவு. கண்ணுக்குத் தெரியாத விரிசல் உள்ளுக்குள் மெல்ல வளரும். இதற்கு உலோகக் களைப்பு என்று பெயர்.

2007 நவம்பரில் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் ஒரு எஃப்-15சி பயிற்சியின்போது நடுவானிலேயே இரண்டாகப் பிளந்தது. காக்பிட் தனியாகக் கழன்றுபோனது. விமானி காயத்தோடு தப்பியது அதிசயம்தான். விசாரணையில் சிக்கியது, உடலை நீளவாக்கில் தாங்கும் ஓர் உலோகச் சட்டம். தயாரிக்கும்போதே அது இருக்க வேண்டியதைவிட மெல்லியதாக இருந்திருக்கிறது. பிறந்தபோதே இருந்த குறை, ஏறக்குறைய கால் நூற்றாண்டு பறந்த பிறகு வெளியே வந்தது. வயது குறையை உருவாக்கவில்லை, வெளிச்சம் போட்டுக் காட்டியது.

அடுத்தது ஈரம். மழை பெய்யுமா பெய்யாதா என்று ஒரு காலத்தில் பந்தயம் கட்டிய ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தைப்பிங்கில் கேட்டுக் கம்பி எவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்கும் என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். விமானத்தின் அலுமினியம் இரும்பு மாதிரிச் செம்மண் நிறத்தில் துருப்பிடிக்காது. ஆணிகள் சேரும் இடங்களிலும் தகடுகளின் இடுக்குகளிலும் சத்தமில்லாமல் அரிக்கும். பட்டர்வொர்த் கடலோரத் தளம். பாலைவனத்தில் நிறுத்தி வைத்த விமானத்துக்கும் நம் ஊரில் நிற்கும் விமானத்துக்கும் ஒரே வயது என்றாலும் ஒரே உடம்பு இல்லை. வயர்களின் மேலுறை விரிசல் விடுவது, ரப்பர் வளையங்கள் காய்ந்துபோவது என்று பட்டியல் இன்னும் நீளும்.

பாகம் கிடைக்காத தலைவலி

பழைய புரோட்டோன் சாகாவுக்கு ஹாஃப்-கட் கடையில் ஏதாவது தேறும். போர் விமானத்துக்கு அந்த வசதி கிடையாது. தயாரிப்பு நின்றுவிட்டால், ஸ்பேர் பார்ட்ஸ் செய்யும் சின்னச் சின்ன நிறுவனங்களும் ஒவ்வொன்றாக விலகிவிடும். ஹார்னெட்டின் சி, டி ரகங்களின் தயாரிப்பு 2000-ஆம் ஆண்டோடு முடிந்துபோனது. அப்புறம் என்ன செய்வார்கள்? ஒரு விமானத்தைப் பிரித்து இன்னொன்றுக்குப் பூட்டுவார்கள்.

மாமன்னர் சொன்ன ஸ்கைஹாக் கதை இதற்கு நல்ல உதாரணம். 1980-களில் மலேசியா அமெரிக்கக் கடற்படை ஓரங்கட்டிய 88 ஏ-4 ஸ்கைஹாக் விமானங்களை வாங்கியது. புதுப்பித்துப் பறக்கவிட்டது 40-ஐ மட்டுமே. மீதி பாகங்களுக்கான கிடங்காகிவிட்டது. அந்த 40-லும் பல விபத்தில் போயின. 1994-லேயே போர்ப் பணியிலிருந்து விலக்கப்பட்டன. மலிவு என்று வாங்கியது பத்தே வருடம்தான் ஓடியது.

பாகப் பிரச்சினை புதிய விமானங்களையும் விடாது. சுகோய் சு-30எம்கேஎம் ரகம் 2007 முதல் 2009 வரை வந்தது, 18 விமானங்கள். ஆனால் 2018 ஜூலையில் அப்போதைய தற்காப்பு அமைச்சர் முகமட் சாபு மக்களவையில் சொன்ன கணக்கு பலரையும் திடுக்கிட வைத்தது: சுகோய், மிக் சேர்த்து 28 ரஷ்ய விமானங்களில் பறக்கும் நிலையில் இருந்தவை 4 மட்டுமே. பத்து வயது விமானம் தரையிலேயே நின்றது.

(பழைய பாகத்துக்கு வெளியே எவ்வளவு மவுசு என்று தெரிய வேண்டுமா? நம் ஆகாயப் படையின் எஃப்-5 ஜெட் எஞ்சின்கள் இரண்டு காணாமல் போன விஷயம் 2009 இறுதியில் அம்பலமானது. கடைசியில் அவை கிடைத்தது தென் அமெரிக்காவின் உருகுவேயில்!)

தரையில் நிற்கும் விமானம் ஏன் ஆபத்து?

இதுதான் இந்தக் கதையின் முக்கியமான கண்ணி என்று எனக்குத் தோன்றுகிறது. பறக்கக்கூடிய விமானங்கள் குறைந்தால் விமானிகளுக்குப் பறக்கும் நேரமும் குறையும். கை பழக்கம் விட்டுப்போகும். அந்த நேரத்தில் எஞ்சினில் ஏதாவது கோளாறு வந்தால், பதற்றமில்லாமல் சரியான முடிவெடுக்க இருப்பது ஓரிரு விநாடிகள். பிறகு அறிக்கையில் 'மனிதத் தவறு' என்று வரலாம். அந்தத் தவறின் வேரும் பழைய விமானத்தில்தான் இருக்கும்.

இந்தியா இதைப் பெரிய விலை கொடுத்துக் கற்றது. 1971-72 முதல் 2012 ஏப்ரல் வரை விபத்துகளில் இழந்த மிக் ரக விமானங்கள் 482, இறந்த விமானிகள் 171 என்று அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் ஏ.கே.அந்தோணி நாடாளுமன்றத்தில் சொன்னார். பழைய விமானம் என்பது பாதிக் காரணம். இன்னொரு பாதி, இளம் விமானிகள் மெதுவான பயிற்சி விமானத்திலிருந்து நேரடியாக மிக்-21-க்குத் தாவ வேண்டியிருந்தது. இடைப்பட்ட படியாக ஹாக் பயிற்சி ஜெட் இந்தியாவில் சேவைக்கு வந்தது 2008-இல்தான். மிக்-21 கடைசியாக ஓய்வுபெற்றது 2025 செப்டம்பர் 26, சண்டிகரில்.

அப்போ, புதுசு வாங்கிட்டா சரியாயிடுமா?

முழுசா இல்லை. அமெரிக்காவின் பி-52 குண்டுவீச்சு விமானங்களில் கடைசியானது 1962-இல் தயாரானது. இன்னும் பறக்கின்றன, 2050-கள் வரை பறக்கவிடும் திட்டமும் இருக்கிறது. காசும் பாகமும் ஆட்களும் இருந்தால் வயதைச் சமாளிக்கலாம். மறுபக்கம், நம் பேராக்கிலேயே 2024 ஏப்ரல் 23-இல் லுமுட்டில் இரண்டு கடற்படை ஹெலிகாப்டர்கள் ஒத்திகையில் மோதி 10 பேர் இறந்தார்கள். அங்கே பேசப்பட்டது பறந்த பாதையும் உயரமும்தான், விமானத்தின் வயதல்ல.

புதுசு வரும் வரை இருப்பதை ஓட்ட வேண்டும். 2023 மே மாதம் லங்காவி லிமா கண்காட்சியில், தென் கொரியாவிடமிருந்து 18 எஃப்ஏ-50 இலகு ரகப் போர் விமானங்கள் வாங்க சுமார் 92 கோடி அமெரிக்க டாலருக்கு ஒப்பந்தமானது. குவைத்தின் பயன்படுத்திய ஹார்னெட்களைக் கேட்டு நடந்த பேச்சோ வருடக்கணக்கில் இழுத்தடித்தது. அவையும் 1990-களின் விமானங்கள்தான். வாங்கினால் பாகத் தட்டுப்பாடு தணியும் என்று ஒரு தரப்பு, இன்னொரு ஸ்கைஹாக் ஆகிவிடும் என்று மறுதரப்பு. குவாந்தான் தீக்குப் பிறகு மலேசியாவின் கையில் மிஞ்சிய ஹார்னெட் 7.