புணையும் மூச்சும்: நீச்சற் பயிற்சியின் பழைய தடங்கள்

சங்கப் பாடல்களைப் பயில்வோர் ‘புணை’ என்னும் சொல்லைப் பல இடங்களில் கண்டிருப்பர். தெப்பம், மிதவை என்று உரைகாரர்கள் பொருள் கூறிச் செல்வர். கணியன் பூங்குன்றனார் ஆற்றுநீரின் போக்கில் செல்லும் புணையை உயிரின் வாழ்வுக்கு உவமையாக்கியதால் அச்சொல்லுக்கு ஒரு தத்துவக் கனம் சேர்ந்துவிட்டது. திருக்குறளிலும் சினம் சுடும் புணையாகவும் காமவெள்ளம் அடித்துச் செல்லும் புணையாகவும் அது உருவகமாகவே நிற்கிறது. ஆனால் உருவகமாவதற்கு முன்னர் அது ஒரு பொருள். நீரில் இறங்குவோர் கையில் பற்றியிருந்த எளிய கருவி. இன்றைய நீச்சற்குளங்களில் பயிற்சி பெறுவோர் பற்றிக்கொள்ளும் ‘கிக்போர்டு’ என்னும் மிதவைப் பலகைக்கு நம் மொழியில் ஈராயிரம் ஆண்டுகளாகப் பெயர் இருக்கிறது என்பதை முதலில் நினைவில் கொள்ளவேண்டும்.

குறுந்தொகை 222ஆம் பாடலில் சிறைக்குடி ஆந்தையார் ஒரு புனலாட்டுக் காட்சியைத் தருகிறார். தோழி புணையின் தலைப்பக்கத்தைப் பிடித்தால் தலைவியும் அப்பக்கத்தையே பிடிக்கிறாள். தோழி கடைப்பக்கத்துக்குப் போனால் இவளும் அங்கே போகிறாள். தோழி புணையை விட்டுவிட்டு நீரோடு போனாலும் இவளும் பின்தொடர்வாள் போலும் என எண்ணுகிறான் தலைவன். இருவரின் நட்பைச் சொல்ல வந்த பாட்டு இது. எனினும் நீச்சல் கற்பிப்பவர் கண்ணுக்கு இதில் வேறொன்றும் தெரியும். புணையைப் பற்றி மிதப்பது ஒரு நிலை. பற்றை விட்டு நீரை நம்புவது அடுத்த நிலை. அகநானூற்று ஆறாம் பாடலில் பரணர், ஓடக்கோலும் நிலைகொள்ளாத காவிரி வெள்ளத்தில் வேழக்கோல்களால் ஆன வெண்புணையைத் தழுவி ஆடியதைக் கூறுகிறார். உள்ளே காற்றறைகள் கொண்ட நாணல் இனத் தண்டுகள் எளிதில் மிதக்கும். அவற்றைக் கற்றையாகக் கட்டினால் ஓர் ஆளின் மேலுடலைத் தாங்கும்.

இந்த அறிவு நமக்கு மட்டும் உரியதன்று. 1538இல் ஜெர்மனியின் நிக்கோலாஸ் வின்மன் இலத்தீனில் உரையாடல் வடிவில் ஒரு நீச்சல் நூல் எழுதினார். நீரில் மூழ்கி இறப்போரைக் குறைப்பதே அவர் நோக்கம். அவரும் நாணற்கற்றை, காற்றடைத்த மாட்டுச் சிறுநீர்ப்பை, தக்கைக் கச்சை ஆகியவற்றைக் கற்பவர்க்கு உதவியாகக் கூறுகிறார். 1587இல் இங்கிலாந்தின் எவரார்ட் டிக்பி படங்களுடன் மற்றொரு நூலை வெளியிட்டார். அவர்கள் நூலாக எழுதிவைத்ததை நாம் வழக்காக வைத்திருந்தோம். காய்ந்த சுரைக்குடுக்கை, வாழைத்தண்டு, பின்னாளில் லாரி டியூப், காலி பிளாஸ்டிக் கேன் எனப் புணை உருமாறிக்கொண்டே வந்தது. இடுப்பில் கயிறு கட்டிக் கிணற்றில் இறக்கிவிடும் அப்பனோ தாய்மாமனோ தான் ஆசான்.

புதுக்கோட்டை வட்டாரத்துக்கு இவ்வரலாற்றில் தனி இடம் உண்டு. வெள்ளாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும் இம்மண், மழைநீரைத் தேக்கியே உயிர்வாழ்ந்தது. கண்மாய், குளம், ஊருணி, ஏந்தல் என நீர்நிலைக்கு இத்தனை பெயர்கள் வழங்குவதே அதற்குச் சான்று. 1929இல் வெளியிடப்பட்ட புதுக்கோட்டைச் சமஸ்தானக் கல்வெட்டுத் தொகுதியைப் புரட்டினால் குளத்தையும் மடையையும் பற்றிய செய்திகளை எங்கும் காணலாம். சித்தன்னவாசல் குகையின் கூரையில் தாமரைக் குளமொன்று தீட்டப்பட்டுள்ளது. மீனும் அன்னமும் எருமையும் யானையும் திரியும் அக்குளத்தில் இறங்கி மாந்தர் மலர் பறிக்கின்றனர். சமண சமயப் பொருள் கொண்ட ஓவியம் அது. ஆயினும் இடுப்பளவு நீரில் அச்சமின்றி நிற்கும் அவ்வுடல்களை வரைந்தவன் குளத்தை அறிந்தவன்.

கண்மாய்களின் உட்புறத்தில் நிற்கும் இரட்டைக் கற்றூண்களை இம்மாவட்டத்தில் பயணம் செய்தவர்கள் பார்த்திருக்கலாம். குறுக்குக் கற்கள் இணைத்த அவ்வமைப்பே குமிழித்தூம்பு. தூண்களுக்கு அடியில் நீர் வெளியேறும் துளையும் வண்டல் வெளியேறும் துளையும் அமைந்திருக்கும். நீரோடித்துளை, சேறோடித்துளை என்பன அவற்றின் பெயர்கள். நிறைந்த கண்மாயில் மடையைத் திறக்க நீருக்குள் இறங்க அறிந்தவன் வேண்டும். அவ்வகையில் மூச்சடக்கி முங்குவது விளையாட்டு மட்டுமன்று. ஊர்ச் சோற்றோடு தொடர்புடைய தொழில்.

மூச்சைப் பற்றிப் பேசும்போது புறநானூறு 243ஐ விட்டுவிட முடியாது. தொடித்தலை விழுத்தண்டினார் என்று பாட்டின் தொடராலேயே பெயர்பெற்ற புலவர், இளமையில் நீர்மேல் சாய்ந்த மருதமரக் கிளையில் ஏறி, கரையில் நின்றோர் வியக்க மடுவில் குதித்து, அடிமணலை அள்ளி வந்ததை நினைக்கிறார். இப்போதோ கைத்தடி ஊன்றி, இருமலுக்கிடையே சில சொற்களே வருகின்றன என்கிறார். முதுமையின் அடையாளமாக நரையையோ திரையையோ அவர் தேர்ந்தெடுக்கவில்லை, மூச்சையே தேர்ந்தெடுத்தார். ஒருகாலத்தில் ஆழம் வரை தாங்கிய மூச்சு இன்று ஒரு வாக்கியத்தைக்கூடத் தாங்கவில்லை.

மூச்சடக்கும் இந்த உள்நீச்சல் மரபுக்கும் இன்றைய பயிற்சிக்கும் உள்ள வேறுபாட்டை அறிவது நன்று. நம் ஊர் நீச்சலில் தலை பெரும்பாலும் நீருக்கு மேலேயே இருக்கும். தலை உயர்ந்தால் இடுப்பும் காலும் தாழும். ஆகவே விரைவில் களைப்பு வரும். கிக்போர்டுப் பயிற்சி இதைத் திருத்துகிறது. பலகையை இரு கைகளாலும் நீட்டிப் பிடித்து, முகத்தை நீருள் வைத்து, உடலை நேர்க்கோட்டில் கிடத்தி, முழங்காலிலிருந்து உதைக்காமல் இடுப்பிலிருந்து உதைக்கவேண்டும். கணுக்கால் தளர்ந்திருக்க வேண்டும். முழங்கால் சிறிதே மடங்கலாம். கைகளின் வேலையைப் பலகை ஏற்றுக்கொள்வதால் கற்பவரின் கவனம் காலிலும் மூச்சிலும் நிலைக்கிறது.

மூச்சில் பலரும் அறியாத நுட்பம் ஒன்றுண்டு. திணறல் உணர்வு பெரும்பாலும் உயிர்வளிக் குறைவால் எழுவதன்று. வெளியேறாத கரியமில வாயு குருதியில் சேர்வதால் எழுவது. எனவே நீருள் முகம் இருக்கும்போதே மூக்கு வழியாகவும் வாய் வழியாகவும் குமிழியிட்டு மூச்சை விட்டுவிட வேண்டும். தலையைத் தூக்காமல் பக்கவாட்டில் திருப்பி, வாய் வெளிவந்த கணத்தில் காற்றை இழுத்தால் போதும். முங்குவதற்கு முன் வேகவேகமாக மூச்சிழுத்து விடும் பழக்கம் சிறுவரிடையே உண்டு. அது பேராபத்து. கரியமில வாயு குறைந்துவிடுவதால் திணறல் என்னும் எச்சரிக்கை வராமலே நீருக்குள் நினைவு தப்பிவிடும்.

இவற்றையெல்லாம் இன்று எழுதக் காரணம் உண்டு. 2023 பிப்ரவரி 15 அன்று, விளையாட்டுப் போட்டிக்காகச் சென்றிருந்த விராலிமலைப் பகுதி அரசுப் பள்ளி மாணவியர் நால்வர், கரூர் மாவட்டம் மாயனூரில் காவிரியில் இறங்கி உயிரிழந்தனர். பரணர் புணை தழுவி ஆடியதைப் பாடிய அதே ஆறு. ஆடுகளத்தில் ஓடப் பழகிய பிள்ளைகளுக்கு ஆற்றில் ஒரு நிமிடம் மிதக்க யாரும் கற்பித்திருக்கவில்லை. ஆழ்துளைக் கிணறுகள் வந்தபின் இறைவைக் கிணறுகள் தூர்ந்தன. ஊருணிகள் பலவற்றில் கழிவுநீர் சேர்ந்தது. கயிறு பிடித்த தாய்மாமன் வேலை தேடி வெளியூர் போனார். ஆசானும் போய், பள்ளிக்கூடமும் போய், தண்ணீர் மட்டும் அங்கங்கே எஞ்சியிருக்கிறது. பெண்பிள்ளைகளுக்கோ அந்த வாய்ப்பு முன்பே அருகிவிட்டிருந்தது. புனலாட்டில் தலைவியும் தோழியும் புணைக்காகப் போட்டியின்றி நீந்திய இலக்கியத்தை வகுப்பில் நடத்துகிறோம். அதைக் கேட்கும் மாணவியருள் நீந்தத் தெரிந்தோர் மிகச் சிலரே.

ஐக்கிய நாடுகள் அவை 2021இல் ஜூலை 25ஐ நீரில் மூழ்குதல் தடுப்பு நாளாக அறிவித்தது. பள்ளிப் பருவத்திலேயே அடிப்படை நீச்சலும் நீர்ப்பாதுகாப்பும் கற்பிக்கவேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனமும் வலியுறுத்துகிறது. இதற்குப் பளிங்குக் குளங்கள் கட்டாயமில்லை. தூய்மையான, மார்பளவுக்கு மேற்படாத நீர், கரையில் நீந்தத் தெரிந்த பெரியவர், ஆளுக்கொரு பலகை. இவை போதும் தொடங்குவதற்கு. ‘புணை’ என்பதற்குத் துணை, பற்றுக்கோடு என்றும் பொருள் உண்டு. நம் பிள்ளைகளின் கையில் நாம் கொடுக்க மறந்தது அதைத்தான்.