வெளுத்த ஓடுகளில் எஞ்சிய வண்ணக்கோலம்

டொமினிக்கன் குடியரசின் வடக்கே, சிபாவோ பள்ளத்தாக்கில் குராபோ, கானா, மாவோ ஆகிய ஆறுகள் கரையை அறுத்தோடும் இடங்களில், ஏறத்தாழ 66 முதல் 48 லட்சம் ஆண்டுகளுக்கு முன் பவளத்திட்டுகளை ஒட்டி வாழ்ந்த கடல் நத்தைகளின் ஓடுகள் படிவப் பாறைகளிலிருந்து வெளிப்படுகின்றன. பனாமா நிலஇணைப்பு முழுதாக எழாமல், கரீபியக் கடலும் பசிபிக் பெருங்கடலும் ஒன்றோடொன்று கலந்திருந்த காலத்தவை அவை. அங்கிருந்து லண்டனுக்கு அனுப்பப்பட்ட ஓடுகளை 1850-இல் ஓட்டு ஆய்வாளர் சவர்பி விவரித்தார். 1873-இல் புவியியலர் கேப் அந்நாட்டைப் பற்றிய தம் புவியியல் நூலை வெளியிட்டார். அரசியல் கொந்தளிப்பு மிகுந்த 1916-இல், களப்பணி பெண்களுக்கு அரிதாகவே வாய்த்த அக்காலத்தில், அமெரிக்கத் தொல்லுயிரியலர் கார்லோட்டா மௌரி தாமே ஓர் ஆய்வுக்குழுவை நடத்திச் சென்று, எந்தப் பாறையடுக்கில் எந்த ஓடு கிடைத்தது என்று வரிசைப்படுத்தி மறு ஆண்டே அச்சேற்றினார். இந்த முன்னோடிகளுள் அவர் பணியே தலையாயது எனலாம்.

ஆயினும் இவர்கள் கையில் இருந்தவை வெளுத்துப்போன ஓடுகள். ஆகவே சுருளின் உயரம், தோள்பகுதியின் வளைவு, மேற்பரப்பின் வரிகள் ஆகியவற்றை மட்டும் கொண்டே இனங்களைப் பிரிக்க நேர்ந்தது. நஞ்சு பாய்ச்சி இரை பிடிக்கும் கூம்பு நத்தைகளைப் பொறுத்தவரை இது பேரிழப்பாகும். ஏனெனில் அவற்றின் இனங்கள் பல வடிவத்தில் ஒன்றையொன்று ஒத்திருக்க, புள்ளிகளும் பட்டைகளும் வலைக்கோடுகளுமே அவற்றை வேறுபடுத்துகின்றன. ஓட்டைச் சுரக்கும் மேலுறை என்னும் மெல்லிய சதைமடிப்பின் விளிம்பு, ஓடு வளரவளரச் சிறிது சிறிதாக நிறமியைச் சேர்த்துச் செல்வதால், நெசவில் பாவோடு ஊடை சேர்ந்து கரை உருவாவதுபோல அக்கோலம் உருவாகிறது.

நிறம் மறைந்தாலும் நிறமியின் எச்சம் ஓட்டிலேயே தங்கிவிடுவதுண்டு. புற ஊதாக் கதிர் பட்டதும், முன்பு நிறமி இருந்த பகுதிகள் ஒளிர்கின்றன; இதையே எஞ்சிய வண்ணக்கோலம் என்பர். ஒளிர்வைத் தெளிவாக்க ஓடுகளை வெளுப்புத் திரவத்தில் ஊறவைக்கும் வழக்கமும் உண்டு. எடுத்த படத்தில் ஒளியையும் இருளையும் இடம் மாற்றினால், உயிருள்ள ஓட்டின் தோற்றத்துக்கு நெருங்கிய உருவம் கிடைக்கிறது. ஆனால் அது செந்நிறமா பழுப்பா என்பதை இம்முறை சொல்வதில்லை.

தொல்லுயிரியலர் ஜொனதன் ஹென்ட்ரிக்ஸ் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், புற ஊதா ஒளியின் துணையால் டொமினிக்கன் படிவங்களிலிருந்து 28 கூம்பு நத்தை இனங்களின் கோலங்கள் வெளிப்பட்டன; அவற்றுள் 13 இனங்கள் அறிவியலுக்குப் புதியவை. அவற்றில் ஒன்றான, பெரிய வட்டப் புள்ளிகள் நிறைந்த கோனஸ் கார்லோட்டே என்னும் இனம் மௌரியின் பெயரைத் தாங்கியது. அத்தகைய புள்ளிக்கோலம் இன்று வாழும் கூம்பு நத்தைகளிடம் காணப்படுவதில்லை.

இம்முறையின் எல்லை கரீபியத்தோடு நிற்கவில்லை. அதே 2015-இல், பிரான்சின் கால்வடோஸ் பகுதியிலுள்ள கோர்தெபுய்க்ல் என்ற இடத்தின் ஜுராசிக் கால ஓடுகளில், ஏறத்தாழ 16 கோடி ஆண்டுப் பழைமையான கோலங்களும் புற ஊதா ஒளியில் கண்டறியப்பட்டன. பாரிஸ் படுகையின் இயோசீன் கால நத்தைகளில், வடிவத்தால் பிரித்தறிய அரிதான இனங்களை அடையாளம் காண இக்கோலங்கள் இப்போது சான்றாகக் கொள்ளப்படுகின்றன.