கேளாத செவியும் சொந்தக் காலும்



காது கேளாதோருக்கு மறைக்கல்வி எட்டாது என்று பலர் நம்பிய காலம் அது. 1760 வாக்கில் பாரிசில் தெ லெப்பே என்ற குரு, அவர்களுடைய சைகைமொழியைத் தாமே கற்று, அதிலேயே பாடம் சொல்லிக்கொடுத்தார். (கற்பிக்கப் போனவர் முதலில் மாணவரானார்!) அவர் தொடங்கிய பள்ளியில் பின்னாளில் பயின்ற லோரான் கிளேர் அங்கேயே ஆசிரியரானார். 1816-இல் அமெரிக்கா சென்று, மறு ஆண்டே ஹார்ட்ஃபோர்டில் பள்ளி தொடங்கத் துணைநின்றார். மணமுடித்து, பிள்ளைகளை வளர்த்து, 1858 வரை கற்பித்தார்.

நம் தமிழகத்தில், பாளையங்கோட்டையில், 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஃபுளோரன்ஸ் ஸ்வெய்ன்சன் அம்மையார் இத்தகைய பள்ளியைத் தொடங்கினார். அவர் ஆங்கிலிக்கன் சபையினர். நாம் நன்றி சொல்ல அது தடையா என்ன? 2024 மே மாதம் திருச்சூரில், காது கேளாத ஜோசப் தேர்மடம் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார்.

திருக்கோவிலூரில் நாமோ, இத்தகைய பிள்ளைகள் வளர்ந்த பின்னும் அவர்களுக்காக நாமே பேசிவிடுகிறோம். வங்கிச் சலானைக்கூட அவர்கள் கையில் கொடுப்பதில்லை.