உயிர்வளி வீட்டுக்குள் வந்த வரலாறு

மூச்சுத்திணறலால் வாடும் முதியோர் பலர் இன்று மருத்துவமனையில் அல்லாது, பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் சூழ, வீட்டிலேயே உயிர்வளி பெற்று வருகின்றனர். சுவா சூ காங் போன்ற அடுக்குமாடி நகர்களில், மூன்று தலைமுறையினர் வாழும் வீட்டில், அக்கருவி பூசை விளக்குக்கும் சமையல் அடுப்புக்கும் சில அடித் தொலைவிலேயே இருக்க நேரிடுகிறது. எனவே அதன் வரலாற்றை ஆசிரியர்களும் பெற்றோரும் அறிந்திருத்தல் நலம்.

ஆக்சிஜன் எனப்படும் உயிர்வளியைச் சுவீடன் நாட்டு ஷீலே முன்னரே பிரித்தறிந்திருந்தார். 1774ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாள், இங்கிலாந்தின் ஜோசப் பிரீஸ்ட்லி, பாதரசச் சாம்பலைச் சூடாக்கி அவ்வளியைப் பெற்றார். அதில் வைத்த மெழுகுவத்தி வியக்கத்தக்க ஒளியுடன் எரிந்தது. நோயுற்ற நுரையீரலுக்கு இது மருந்தாகலாம் எனக் கருதிய அவரே, மெழுகுவத்தி இதில் விரைந்து எரிந்து தீர்வதையும் சுட்டி ஐயுற்றார். மருந்து, நெருப்பு என்னும் இரு முகங்களையும் முதலிலேயே ஒருவர் கண்டுவிட்டார் என்பது குறிப்பிடத்தக்கது.

முதல் உலகப்போரில் நச்சுப்புகையால் பாதிக்கப்பட்ட வீரர்களுக்கு உயிர்வளி அளிக்கும் முறையை ஹால்டேன் என்னும் அறிஞர் செம்மைப்படுத்தினார். 1980, 1981 ஆகிய ஆண்டுகளில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் வெளியான ஆய்வுகள், நாட்பட்ட நுரையீரல் நோயால் இரத்தத்தில் உயிர்வளி மிகக் குறைந்தோர், நாள்தோறும் 15 மணி நேரமோ அதற்கு மேலோ அதனைப் பெற்றால் ஆயுள் நீளும் என நிறுவின. நாள் முழுதும் மருத்துவமனையில் இருத்தல் இயலாதல்லவா? ஆகவே கருவி வீட்டுக்கு வந்தது. அறைக்காற்றில் 21 விழுக்காடே உள்ள உயிர்வளியை, நைட்ரஜனை நீக்கி, ஏறத்தாழ 90 விழுக்காட்டுக்கு உயர்த்தித் தருவதே அக்கருவியின் பணி.

2021இல் இந்தியாவில் கொவிட் பெருந்தொற்று கொடுமை புரிந்தபோது, இதன் அருமையை நாம் யாவரும் உணர்ந்தோம். அவ்வாண்டு ஏப்ரல் 28ஆம் நாள், சிங்கப்பூர் 256 உயிர்வளி உருளைகளை இரண்டு ஆகாயப்படை விமானங்களில் அனுப்பி வைத்தது.

நெருப்பின் முகத்தையும் உலகம் கண்டுள்ளது. 1967 ஜனவரி 27ஆம் நாள், தூய உயிர்வளி நிரம்பிய அப்பல்லோ 1 விண்கலத்தில், தரையில் நடந்த ஒத்திகையின்போது தீப்பற்றி விண்வெளி வீரர் மூவர் மாண்டனர். உயிர்வளி தானாக எரிவதன்று. எரியும் பொருளை வெறியுடன் எரியச் செய்வது. துணி, தலைமுடி, மெத்தை ஆகியவற்றில் அது தங்கியும் நிற்கும்.

இதனால் வீட்டார் அனைவரும் கடைப்பிடிக்க வேண்டியவை சில:

1. உயிர்வளி உள்ள வீட்டில் எவரும் புகைபிடித்தலாகாது. இவ்வகைத் தீ விபத்துகளுக்குப் புகைபிடித்தலே முதற்காரணம்.

2. அடுப்பு, அகல்விளக்கு, ஊதுவத்தி, சாம்பிராணி யாவும் 3 மீட்டருக்கு அப்பால் இருத்தல் வேண்டும். இடம் போதாவிடில், பூசைக்கு மின்விளக்கே போதும், இறைவன் ஏற்பான். கருவியை நிறுத்திய பின்னும், 20 நிமிடமேனும் நெருப்பின் அருகே செல்லலாகாது.

3. மூக்கிலும் முகத்திலும் எண்ணெய், தைலம், எண்ணெய்ப்பசையுள்ள களிம்பு தடவலாகாது.

4. கருவியைச் சுவர்ச் செருகியில் நேரே பொருத்துக. நீட்டிப்புக் கம்பி வேண்டா. திரைச்சீலை அதன் காற்றுவழியை மறைக்கலாகாது. உருளை சாயாதவாறு கட்டப்பட்டிருக்கட்டும்.

5. மூச்சு வாங்குகிறதே என்று பரிவுகொண்டு அளவைக் கூட்டலாகாது. சில நோயாளிகளுக்கு மிகுதியான உயிர்வளி, கரியமிலவாயுவைத் தேக்கித் தீங்கு செய்யும். மருத்துவர் குறித்த அளவே அளவு.

6. மின்தடைக்கென மாற்று உருளை வேண்டுமா என மருத்துவரிடம் முன்னரே கேட்டறிக. 2018 ஜூன் முதல் புதிய வீடுகளில் கட்டாயமாக்கப்பட்ட தீ எச்சரிக்கைக் கருவியைப் பழைய வீட்டார் தாமே பொருத்திக்கொள்வது நன்று. தீப்பற்றினால் அழைக்க வேண்டிய எண் 995.

கனலும் குச்சியை உயிர்வளியில் நுழைத்தால் அது மீண்டும் சுடர்விடும் என்பதை மாணவர்கள் அறிவியல் வகுப்பில் கற்கின்றனர். அதே வளிதான் தாத்தாவின் அறையிலும் உள்ளது என்பதை ஆசிரியர்கள் அப்பொழுதே எடுத்துரைக்கலாம். வீட்டில் மாலை விளக்கேற்றுவோர் பெரும்பாலும் அப்பிள்ளைகளே அல்லவா?