கப்பியும் கொளுக்கியும்: கப்பலிற் பாரந்தூக்கிய வரலாறு

கிணற்றிலே துலா மிதித்து நீரிறைத்த எமது முன்னோர், தனியொருவன் தூக்கமாட்டாத பாரத்தை ஒரு கோலும் ஒரு கயிறும் தூக்கிக் கொடுக்கும் என்னும் உண்மையை அனுபவத்தால் அறிந்திருந்தனர். அசையாத நிலத்திலே செய்யும் அவ்வேலையை, அலையில் ஆடும் கப்பலின் மேல் நின்று செய்வது எங்ஙனம்? இவ்வினாவுக்கு மனிதகுலம் பல நூற்றாண்டுகளாகக் கண்ட விடைகளை ஈண்டு ஒருவாறு நோக்குவோம்.

முதல் விடை கப்பி. நிலையாகக் கட்டிய ஒற்றைக் கப்பி இழுக்குந் திசையை மாற்றுமேயன்றிப் பாரத்தைக் குறைக்காது. பாரத்தோடு சேர்ந்து அசையும் கப்பியொன்றைச் சேர்த்தால் பாதி விசை போதும். ஆனால் இரு மடங்கு கயிற்றை இழுத்தல் வேண்டும். ஒன்றைக் கொடுத்தே ஒன்றைப் பெறுகின்றோம். கி. மு. 3 ஆம் நூற்றாண்டிலே சிராக்கியூஸ் நகரத்து ஆர்க்கிமிடீஸ், சரக்கேற்றிய கப்பலொன்றைக் கப்பித் தொகுதியாலே தனியொருவராய் இழுத்துக் காட்டினார் எனப் புளூட்டாக் எழுதியுள்ளார்.

அடுத்தது நங்கூரத்தை மேலெடுக்கும் உருளை. செங்குத்தாக நிற்கும் மரவுருளையின் தலையிலே சலாகைகளைச் செருகி, மாலுமிகள் அவற்றை மார்பால் தள்ளிச் சுற்றிச் சுற்றி நடப்பர். வடம் உருளையிற் சுற்றி நங்கூரம் எழும்பும். அடிகள் பிசகாதிருக்கப் பாட்டும் பாடுவர். வலையிழுக்கும்போது எமது கடற்றொழிலாளர் பாடும் அம்பாப் பாடலும் இவ்வினத்ததே. தேர்வடம் பிடித்தவர்க்கு இதனை விரித்துரைத்தல் வேண்டா. பலர் கை ஒரு கணத்தில் ஒன்றுபட்டாலன்றித் தேரும் நகராது, நங்கூரமும் எழாது.

பாய்க்கப்பல்கள் பெருகியபோது கப்பிகளின் தேவையும் பெருகிற்று. பிரித்தானியக் கடற்படைக்கு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 1,00,000 கப்பிகள் வேண்டியிருந்தன. 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே மார்க் இசம்பாட் புரூணல் வகுத்து, ஹென்றி மோட்ஸ்லி செய்த யந்திரங்கள் போட்ஸ்மவுத் துறையில் நிறுவப்பட்டன. முன்னர் 110 பேர் செய்த வேலையைப் பத்துப் பேர் செய்தனர். யந்திரப் பெருக்க உற்பத்தியின் முன்னோடிகளுள் இதுவும் ஒன்று.

கப்பலிற் சரக்கேற்றும் தூக்குமரத்துக்கு ‘டெறிக்’ என்று பெயர். 1600 ஆம் ஆண்டளவில் இலண்டனிலே தூக்குத் தண்டனை நிறைவேற்றிய தோமஸ் டெறிக் என்பவனின் பெயரே தூக்குமரத்துக்கும், பின்னர் பாரந்தூக்கிக்கும் ஆயிற்று. 19 ஆம் நூற்றாண்டிலே நீராவி வின்ச் வந்தபின் மனிதரின் தோட்பாரம் குறைந்தது. இரண்டு டெறிக்குகளுள் ஒன்றைச் சரக்கறை வாயின் மேலும், மற்றதைக் கப்பலின் விலாவுக்கு வெளியேயும் நிறுத்தி, இரண்டின் கயிறுகளையும் ஒரே கொளுக்கியிற் பூட்டிப் பாரத்தை மாற்றும் முறையும் வழக்காயிற்று.

இம்முறையில் ஓர் ஆபத்து மறைந்திருக்கிறது. கொளுக்கியை மிக உயரத் தூக்கினால் இரு கயிறுகளுக்கும் இடைப்பட்ட கோணம் விரியும். அது 120 பாகையானால், ஒவ்வொரு கயிறும் முழுப் பாரத்தின் அளவு இழுவிசையைத் தாங்கும். கயிறு இரண்டல்லவா, பாதிப் பாதிதானே என்று எண்ணியவன் கணக்குத் தவறும். கீழே நிற்பவன் உயிர் போகும். இத்தகைய விபத்துக்களைத் தடுப்பதற்காகவே சர்வதேசத் தொழில் நிறுவனம் 1929 இலும், 1932 இலும், மீண்டும் 1979 இலும் உடன்படிக்கைகளை இயற்றிற்று. 1979 ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி கப்பற் பாரந்தூக்கிகளை ஐந்தாண்டுக்கொரு முறையாவது பாரமேற்றிச் சோதித்தலும், ஆண்டுக்கொரு முறையாவது முற்றாகப் பரிசீலித்தலும் வேண்டும். தூக்கக்கூடிய பாரத்தின் அளவு பாரந்தூக்கியின் மேல் எழுதப்பட்டிருக்கும். அவ்விலக்கம் எத்தனையோ குடும்பங்களின் கண்ணீருக்குப் பின் எழுதப்பட்டதென்பதை மறவாதிருப்போம்.

பின்னர் வந்தது கொள்கலன். 1956 ஏப்ரல் 26 ஆந் திகதி மல்கம் மக்லீனின் ‘ஐடியல் எக்ஸ்’ என்னும் கப்பல் 58 கொள்கலன்களுடன் அமெரிக்காவின் நியூவாக் துறையினின்றும் ஹூஸ்ரனுக்குப் புறப்பட்டது. 1957 இல் அவரது ‘கேற்வே சிற்றி’ தன் மேற்றளத்திலேயே பாரந்தூக்கிகளைக் கொண்டு 226 கொள்கலன்களை ஏற்றவல்லதாயிற்று. காலப்போக்கிற் பெருங் கொள்கலன் கப்பல்களுக்குத் துறைமேடையிலுள்ள பாரந்தூக்கிகளே போதுமாயின. சிறு துறைகளுக்குச் செல்லும் கப்பல்களும் மொத்தச் சரக்குக் கப்பல்கள் பலவும் இன்றும் தம் பாரந்தூக்கிகளைத் தாமே சுமந்து செல்கின்றன.

மூட்டை தூக்கியவர் நிலை யாதாயிற்று? இலண்டனிலே பழந்துறைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டு, 1981 இல் றோயல் துறைகளும் மூடப்பட்டன. ஆயிரமாயிரம் பேர் தொழிலிழந்தனர். அமெரிக்க மேற்குக் கரையிலோ, ஹரி பிரிட்ஜஸ் தலைமையிலான தொழிற்சங்கம் 1960 இல் யந்திரங்களை ஏற்றுக்கொண்டு, அதற்கு ஈடாக வேலைநீக்கத்துக்கெதிரான காப்பையும் ஓய்வுக்கால நிதியையும் பெற்றது. யந்திரம் ஒன்றே, அதன் பயனைப் பங்கிட்ட முறையே வேறு.

வல்வெட்டித்துறையிற் கட்டிய ‘அன்னபூரணி’ என்னும் பாய்க்கப்பல் 1938 இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறையை அடைந்தது. கப்பியும் கயிறும் கைவந்த சமூகம் எம்முடையது. இன்று கப்பற்றொழிலை நாடும் எமது இளைஞர், தூக்கும் விதியையும் தாங்கும் எல்லையையும் கசடறக் கற்றல் வேண்டும். பாரத்தைத் தூக்கு முன் அதன் கீழ் யார் நிற்கின்றார் என்று பார்த்தலும் அக்கல்வியின் பாற்பட்டதே. ஊர்கூடித் தேரிழுக்கும்போது சில்லின் கீழ் எவரும் அகப்படாதபடி காப்பது எமது வழக்கன்றோ? அவ்வழக்கைக் கடலிலும் தொழிலிலும் கைக்கொள்வோமாக.