பழைய உருவம், புதிய உடல்: கட்டுமரம் மாறிய கதை

தூத்துக்குடி மாவட்டத்தின் தென்கோடியில், மணப்பாட்டுக்குத் தெற்கே, கடலை ஒட்டி அமைந்த மீனவர் ஊர் பெரியதாழை. இதுபோன்ற கடற்கரைகளில் நிற்கும் படகுகளைத் தூரத்தில் இருந்து பார்ப்பவருக்குப் பெரிய மாற்றம் எதுவும் தெரியாது. ஒடுங்கிய நீண்ட உடல், உயர்ந்த முன்புறம், மணலில் இழுத்து ஏற்றுவதற்கு ஏற்ற அடிப்பகுதி எல்லாம் பழைய வள்ளத்தின் சாயலிலேயே உள்ளன. அருகில் சென்று விரலால் தட்டிப் பார்த்தால்தான் அது மரம் அன்று, கண்ணாடி இழை என்பது புலப்படும். பின்புறத்தில் எஞ்சின் தொங்கும். உருவம் பழையது, உடல் புதியது. இந்த மாற்றம் எப்படி நேர்ந்தது? இதில் மீனவன் பெற்றது என்ன, இழந்தது என்ன?

அமெரிக்கக் கொட்டகைகளில்

இதே போன்ற ஒரு கதை மோட்டார் வண்டி உலகிலும் உண்டு. 1932ஆம் ஆண்டு போர்டு நிறுவனம் எட்டு உருளைகள் கொண்ட எஞ்சினைப் பொருத்தி, சாமானியர் வாங்கக்கூடிய விலையில் ஒரு காரை வெளியிட்டது. அதன் ஆற்றல் 65 குதிரைத் திறன். கலிபோர்னியா இளைஞர்கள் பழைய கார்களை மலிவாக வாங்கி, வீட்டுக் கொட்டகையிலேயே பிரித்து, தேவையற்ற தகடுகளைக் கழற்றி எறிந்து, எஞ்சினின் வலிமையைக் கூட்டி, வறண்ட ஏரிப் படுகைகளில் ஓட்டிப் பார்த்தனர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் இது பெரும் இயக்கமாயிற்று. இவ்வகை வண்டிகளுக்கு 'ஹாட் ராட்' என்று பெயர்.

அவர்கள் விரைவிலேயே ஓர் உண்மையைக் கண்டறிந்தனர். எஞ்சினை மட்டும் மாற்றினால் போதாது. பழைய வேகத்திற்காகச் செய்த பிரேக்கு புதிய வேகத்தைத் தாங்காது. பழைய சட்டம் முறுக்கிக்கொள்ளும். ஆகவே இன்று அத்தகைய வண்டியைக் கட்டுபவர்கள் வெளித்தோற்றத்தை 1932ஆம் ஆண்டின் சாயலில் வைத்துக்கொண்டு, உள்ளே புதிய எஞ்சின், வட்டத் தகட்டுப் பிரேக்கு, வலுவான சட்டம் ஆகியவற்றைப் பொருத்துகிறார்கள். மேலுடல்கூடப் பல வண்டிகளில் கண்ணாடி இழையால் ஆனது. ஓர் உறுப்பை மாற்றினால், அதைச் சார்ந்த மற்ற உறுப்புகளையும் மாற்றியாக வேண்டும் என்பதே இதில் உள்ள பாடம். நம் கடற்கரையும் இதே பாடத்தைத்தான் கற்றது. ஆனால் அங்கே அது பொழுதுபோக்கு. இங்கே அது உயிரும் பிழைப்பும்.

கட்டுமரத்தின் அறிவு

கட்டுமரம் என்ற சொல் உலகறிந்தது. ஆங்கிலேய மாலுமி வில்லியம் டாம்பியர் 1697இல் வெளியிட்ட தம் பயண நூலில் அச்சொல்லைப் பயன்படுத்தினார். இன்று மேலை நாட்டார் இரட்டை உடல் கொண்ட பாய்ப்படகுகளுக்கு அப்பெயரை வழங்குகின்றனர். ஆனால் நம் கட்டுமரத்திற்கு இரட்டை உடலும் இல்லை, குழிவும் இல்லை. இலேசான மரத்துண்டுகளைச் செதுக்கி, கயிற்றால் பிணைத்த மிதவை அது. சென்னை மாகாண மீன்வளத் துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல், இந்தியப் படகு வகைகளை ஆராய்ந்து 1920இல் எழுதிய நூலில் இதை விரிவாக விளக்கியுள்ளார்.

கட்டுமரத்தை எளிய கருவி என்று எண்ணுவது தவறு. அலை மேலே வந்து விழுந்தால் நீர் மரங்களின் இடுக்கு வழியே வடிந்துவிடும், இறைக்க வேண்டியதில்லை. கவிழ்ந்தால் புரட்டி நிமிர்த்தலாம். மூழ்காது. கரை சேர்ந்ததும் கயிற்றை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே வெயிலில் உலர்த்தலாம். உலர்ந்தால் எடை குறையும்; மறுநாள் நன்கு மிதக்கும். அலை முறியும் திறந்த கரையில், துறைமுகம் இன்றிப் பிழைத்த மக்களுக்கு இதைவிடப் பொருத்தமான கலம் கிடைப்பது அரிது. அதைக் கட்டுவதற்குத் தொழிற்சாலையும் வேண்டியதில்லை, கரையிலேயே கட்டிக்கொள்ளலாம்.

எஞ்சின் வந்தது

விடுதலைக்குப் பின் மீன்பிடித் தொழிலை எந்திரமயமாக்கும் திட்டங்கள் தொடங்கின. கொல்லத்தை அடுத்த நீண்டகரையில், 1952இல் கையெழுத்தான ஒப்பந்தத்தின்படி இந்திய-நார்வே திட்டம் செயற்படலாயிற்று. உள்ளூர்ப் படகுகளிலேயே எஞ்சினைப் பொருத்துவது அதன் முதல் எண்ணம். அது சரிவரவில்லை. துடுப்புக்கும் பாய்க்கும் ஏற்ற உடல், எஞ்சினின் எடையையும் அதிர்வையும் ஏற்க மறுத்தது. எனவே புதுவகைப் படகுகள் வடிவமைக்கப்பட்டன. பின்னர் இறால் ஏற்றுமதி பெருகியபோது இழுவைப் படகுகள் கடலை நிறைத்தன. அவை கரையோரம் வந்து மீன் பிடித்ததால் நாட்டுப்படகு மீனவர்களுடன் மோதல்கள் எழுந்தன. அதன் விளைவாகவே தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983இல் வந்தது. கரையிலிருந்து 3 கடல் மைல் வரையுள்ள பகுதியில் விசைப்படகுகள் மீன்பிடிக்க அது தடை விதித்தது.

இதற்கிடையே வேறொரு முயற்சியும் நடந்தது. படகை மாற்றாமல், படகு செய்யும் பொருளை மாற்றினால் என்ன? கட்டுமரத்துக்கும் வள்ளத்துக்கும் வேண்டிய பெரிய மரங்களின் விலை ஏறிக்கொண்டே போனது இதற்கு ஒரு காரணம். குமரி மாவட்டக் கடற்கரையில் கோட்டாறு மறைமாவட்டத்தைச் சார்ந்த சமூகப் பணியாளர்களும், பெல்ஜியத்தைச் சேர்ந்த பொறியாளர் பியர் ஜில்லே போன்றவர்களும் ஒட்டுப்பலகையால் படகு கட்டும் முறையைச் சோதித்தனர். மீனவர் கூட்டுறவு அமைப்பான தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு 1980களில் அதைப் பரப்பியது.

தையல் மீண்டும் வந்தது

அம்முறை சுவையானது. ஒட்டுப்பலகைகளை வரைபடப்படி வெட்டி, விளிம்புகளில் துளையிட்டு, செப்புக் கம்பியால் தைப்பார்கள். பின்னர் மூட்டுகளில் கண்ணாடி இழைப் பட்டையை வைத்துப் பிசின் பூசி இறுக்குவார்கள். இங்கிலாந்தில் 1963இல் 'மிரர்' என்னும் சிறு பாய்ப்படகு இதே முறையில்தான் வெளிவந்தது. வாங்கியவர்கள் வீட்டிலேயே அதைக் கட்டிக்கொண்டனர். ஆனால் சோழமண்டலக் கரையின் மசூலாப் படகு, ஆணி இல்லாமல் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துச் செய்யப்பட்டதை நாம் அறிவோம். பழைய நுட்பம் செப்புக் கம்பியாகத் திரும்பி வந்தது போல் இருக்கிறது அல்லவா?

ஒட்டுப்பலகையை அடுத்துக் கண்ணாடி இழை பரவியது. முதலில் ஓர் அச்சு வேண்டும். பழைய மரப்படகின் உருவத்தையே அச்சாக எடுக்கலாம். அச்சின் உட்புறம் மெழுகு தடவி, வண்ணப் பூச்சு இட்டு, கண்ணாடி இழை விரிப்பை அடுக்கடுக்காக வைத்து, பாலியெஸ்டர் பிசினைத் தேய்த்து ஏற்றுவார்கள். பிசினுடன் கெட்டிப்படுத்தும் வேதிப்பொருளைச் சிறிதளவு கலந்தால் சில மணி நேரத்தில் அது இறுகிவிடும். உடலை அச்சிலிருந்து பிரித்தெடுத்தால் பழைய வள்ளத்தின் இரட்டைப்பிறவி கையில் இருக்கும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் நிவாரணமாக ஏராளமான கண்ணாடி இழைப் படகுகள் தமிழகக் கரைக்கு வந்தன. கட்டுமரங்களின் எண்ணிக்கை வேகமாகக் குறைந்தது.

மிதப்பின் கணக்கு

இங்கேதான் ஹாட் ராட் பாடம் நினைவுக்கு வர வேண்டும். மரம் தானாகவே மிதக்கும். கண்ணாடி இழையின் அடர்த்தியோ நீரைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. உள்ளே காற்று இருக்கும் வரைதான் அப்படகு மிதக்கும்; நீர் புகுந்தால் கல்லைப்போல் இறங்கும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். படகின் வெற்றுடல் 200 கிலோ என்று கொள்வோம். அதன் கன அளவு சுமார் 133 லிட்டர். ஆகவே நீரில் முழுவதும் அமிழ்ந்தால் 133 கிலோ மேல்நோக்கிய விசையே கிடைக்கும்; 67 கிலோ குறையும். எஞ்சின் நீருக்குள் இருக்கும்போது மேலும் 30 கிலோ கீழே இழுக்கும் என்று கொண்டால், மொத்தக் குறை 97 கிலோ. இதை ஈடுகட்ட வேண்டிய நுரைப்பஞ்சு சுமார் 100 லிட்டர், அதாவது ஒரு பெரிய மண்ணெண்ணெய்ப் பீப்பாயில் பாதி. படகைப் பற்றிக்கொள்ளும் ஆட்களுக்காக இன்னும் சிறிது கூட்ட வேண்டும். முன்னும் பின்னும் அடைக்கப்பட்ட அறைகளில் இந்த நுரைப்பஞ்சு சரியாக நிரப்பப்பட்டால், புதிய படகும் கட்டுமரத்தைப்போல் மூழ்காது. செலவைக் குறைக்க அதை விட்டுவிட்டால், உருவம் மட்டுமே பழையது. அதன் காப்பு போய்விட்டது.

வேகத்திற்கும் ஒரு கணக்கு உண்டு. நீரைப் பிளந்து செல்லும் படகு தன் நீளத்துக்கு ஏற்ற அலையை எழுப்புகிறது. நீர்மட்டத்தில் 7.5 மீட்டர் நீளமுள்ள படகுக்கு அந்த அலையின் வேகம் மணிக்குச் சுமார் 12 கிலோமீட்டர். அதை நெருங்கும்போது, சிறிது வேகத்தைக் கூட்டவும் பெருமளவு ஆற்றல் தேவைப்படும். ஒடுங்கிய உடலுக்கு இத்தடை சற்றுக் குறைவு. நம் முன்னோர் வள்ளத்தை ஒடுக்கமாகச் செய்ததன் பயன் இதுதான். எஞ்சின் இருக்கிறதே என்று உடலை அகலமாக்கி, பெரிய எஞ்சினைப் பொருத்தினால், எரிபொருட் செலவு மீன் விற்ற பணத்தை விழுங்கிவிடும். காற்றுக்கு விலை இல்லை. மண்ணெண்ணெய்க்கும் டீசலுக்கும் உண்டு. எஞ்சினுக்காக வாங்கிய கடன், மீன் படாத நாளிலும் வட்டி கேட்கும்.

எதைக் காப்பது?

பழைய மரத்திற்கே திரும்ப வேண்டும் என்பது இதன் பொருள் அன்று. எஞ்சின் வந்ததால் எதிர்க்காற்றிலும் கரை சேர முடிகிறது. தொலைவில் உள்ள மீனைத் தேடிச் செல்ல முடிகிறது. கண்ணாடி இழையைக் கறையான் அரிக்காது. ஓட்டை விழுந்தால் கரையிலேயே ஒட்டிவிடலாம். ஆனால் உடைந்த கட்டுமரம் அடுப்புக்காவது உதவியது. உடைந்த கண்ணாடி இழைப் படகோ மணலிலேயே கிடக்கும்.

படகின் வளைவும் ஒடுக்கமும் முன்புற உயரமும் அழகுக்காக ஏற்பட்டவை அல்ல. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு கடல் கேட்ட கேள்விக்குப் பல தலைமுறைகள் கண்ட விடை. அச்சு எடுப்பவர் உருவத்தைப் படியெடுக்கிறார். அக்கேள்விகளையும் அறிந்து படியெடுத்தால்தான் படகு முழுமை பெறும். மூழ்காமை, கரையேறும் எளிமை, குறைந்த ஆற்றலில் ஓடும் தன்மை ஆகிய மூன்றும் புதிய உடலிலும் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்கும் மீனவன், பழைய ஓடாவியின் அறிவை மறக்காதவன் ஆவான்.