மதுரையின் உச்சிப்பொழுதும் ரயில் கடிகாரமும்

1870-களில் மதுரைக்கு ரயில் வந்தது. அதற்கு முன் ஊருக்கு உச்சிவேளை என்றால் நிழல் மிகக் குறுகும் நேரம்தான். ரயிலோ சென்னை வானாய்வுக் கூடத்தின் நேரப்படி ஓடிற்று. கணக்கு இங்கேதான் பிறக்கிறது.

அக்காலத்துச் சித்திரைப் பிறப்பன்று ஒருவர் சூரியக் கடிகாரத்தைப் பார்த்துத் தம் சட்டைப்பைக் கடிகாரத்தைத் திருப்பி வைத்தார் என்று கொள்வோம். 12 மணி 5 நிமிட ரயிலுக்குச் சரியாக 12 மணிக்கு நிலையம் சேர்ந்தார். ரயில் கிடைத்திருக்குமா?

பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம் ஆகிறது. சென்னையின் தீர்க்கரேகை 80 பாகை 15 கலை. மதுரையினுடையது 78 பாகை 7 கலை. (60 கலை ஒரு பாகை.) வித்தியாசம் 2 பாகை 8 கலை, நேரத்தில் 8 நிமிடம் 32 வினாடி. இதைக் கூட்டுவதா, கழிப்பதா? பலர் வழுக்கி விழும் இடம் இதுவே. சென்னை கிழக்கே இருப்பதால் உச்சி அங்கே முந்திவிடும், ஆகவே கூட்டவேண்டும். நிலையக் கடிகாரம் 12 மணி 8½ நிமிடம் காட்டும். ரயில் போய் மூன்றரை நிமிடம் ஆயிற்று!

1906 ஜனவரி 1 முதல் இந்தியப் பொது நேரம் நடைமுறைக்கு வந்தது. அதன் தீர்க்கரேகை 82 பாகை 30 கலை. மதுரையின் வித்தியாசம் 17 நிமிடம் 32 வினாடியாக வளர்ந்தது; நம் பழைய அளவில் முக்கால் நாழிகைக்குச் சற்றே குறைவு.

சித்திரைப் பிறப்பைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. சூரியன் ஆண்டு முழுவதும் கடிகாரம்போல் சீராக நடப்பதில்லை. அந்நாளில் இரண்டும் ஏறக்குறைய ஒத்துப்போகும். இன்றைய கடிகாரப்படி மதுரையில் உச்சி பிப்ரவரி நடுவில் 12 மணி 32 நிமிடத்தை ஒட்டியும், நவம்பர் தொடக்கத்தில் 12 மணி 1 நிமிடத்தை ஒட்டியும் வரும். குச்சி ஒன்றை நட்டு நீங்களே பார்க்கலாம்.